சாதாரண முயற்சி

எங்கள் அறையில் கைதட்டக் கூடாது என்பது விதி. மைதானத்தின் உச்சியில், கண்ணாடிக்குப் பின்னால், பத்திரிகைக்காரர்களும் நானும் உட்காரும் அறை அது. எங்கள் ஃபெர்ரிமென் அணிக்கு இருபத்திரண்டு வருடங்களாக ஆட்டப் பதிவாளனாக இருக்கிறேன், ஒருமுறைகூடக் கைதட்டியதில்லை. விசாரணையை இதிலிருந்து தொடங்குவது குழுவிலிருக்கும் உங்கள் மூவருக்கும் வசதியாக இருக்கும்.

தட்டச்சு செய்யும் அம்மணி பேஸ்பால் பார்த்ததில்லை என்றார். அவருக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். முப்பது வருடம் பள்ளியில் வடிவியல் நடத்தியவன், பழக்கம் விடாது.

அடித்த பந்து தரையில் உருண்டு வருகிறது. அங்கே காவல் நிற்பவன் அதைத் தவறவிடுகிறான். அடித்தவன் ஓடித் தப்பிவிடுகிறான். குற்றம் யாருடையது? அதைச் சொல்வதுதான் என் வேலை. சாதாரண முயற்சியில் பிடித்திருக்கலாம் என்றால் அது பிழை. தவறவிட்டவன் பெயரில் ஏறும். பிடித்திருக்கவே முடியாது என்றால் அது ஹிட். பந்தை எறிந்த பிட்சர் தலையில் விழும். மூன்றாவது இடம் கிடையாது. இந்த அமைப்பின் அழகே அதுதான், அம்மணி. எந்தக் குற்றமும் காற்றில் கரைந்துபோகாது. ஒருவனை விட்டால் இன்னொருவனைப் பிடித்துக்கொள்ளும்.

சென்ற வருடம் எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை: களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் கஸ் மரோனியை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? பழைய ஆட்களையெல்லாம் கழித்துவிட்டு, மீசை முளைக்காத பையன்களை வைத்து அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட அணி தோற்கத்தான் செய்யும். முடிவெட்டும் கடையில் ஹெர்ப், "மரோனி ஒரு பொணம்யா, உக்காந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேங்கறான்" என்பார். நாற்காலியில் இருப்பவர், "நீ அசையாம வெட்டு, காது போயிடும்" என்பார்.

அணியின் சொந்தக்காரர் திருமதி டில்லர் கறாரானவர். "தோத்தா தோத்துட்டுப் போறாங்க. பசங்க கத்துக்கறாங்களா, அதைக் காட்டுங்க. போன வருஷம் நூத்தி அறுபத்தஞ்சு பிழை. இந்த வருஷம் நூத்தி இருபதைத் தாண்டினா மரோனி பெட்டியைக் கட்டட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மரோனியிடம் தனிப்பட்ட பிரியம் எதுவும் கிடையாது. பதிவாளனுக்கு அது ஆகாது. ஆனால் உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். எங்கள் அறையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. முன்பிருந்த ஐந்து மேனேஜர்களும் ஆட்டம் முடிந்ததும் அதில் கூப்பிட்டு என்னைக் குருடன் என்றார்கள். மரோனி வந்த முதல் வாரமும் அது அடித்தது. எடுத்தேன்.

"வாத்தியாரே, நீங்க பிழைன்னு குடுத்தது சரிதான். பந்து நேரா பையன் கைக்குத்தான் வந்துச்சு. அவன்தான் கோட்டை விட்டான்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்பும் அந்த மணி அடித்தது. அதற்காக நான் காத்திருந்தேன் என்று யாராவது சொன்னால் அது மிகை. காபியைக் கொஞ்சம் மெதுவாகக் குடித்தேன், அவ்வளவே.

ஜூன் மாதத்தில் பிழைகள் எழுபதைத் தொட்டன. வடிவியல் தெரிந்தவனுக்கு அந்தக் கோடு எங்கே போய் முடியும் என்பது தெரியும். அதனால் ஒரு பந்தைக் கொஞ்சம் வேகமாக வந்ததாகப் பார்த்தேன். இன்னொன்று கல்லில் பட்டு எகிறியதாகப் பார்த்தேன். பிழைகள் ஹிட்டுகளாயின.

முதலில் எல்லாப் பிட்சர்களுக்கும் சமமாகப் பங்கிட்டேன். நியாயமாக இருக்க வேண்டுமே. ஆனால் பலகையில் ஹிட் என்று விளக்கு எரிந்ததும் அவர்கள் என் கண்ணாடியை நோக்கி முறைத்தார்கள். ஒருவன் விரலால் ஒரு சைகையும் காட்டினான். வெண்டல் ஸ்டப்ஸ் மட்டும் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்தை எறிந்தான். அயோவாக்காரன், இருபத்திரண்டு வயது, நல்ல வளர்ப்பு. ஆண்டு முடிவதற்குள் நான் மாற்றியவை முப்பத்தொன்று, அதில் பத்தொன்பதை அவன் பெயரில் எழுதினேன்.

ஜூன் கடைசியில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் அறை வாசலில் வந்து நின்றான்.

"சார், எல்லாரும் என் பந்தை அடிக்கறாங்க. நான் நல்லாத்தான் போடறேன்னு எனக்குத் தோணுது. மேலேருந்து பாக்கறவர் நீங்க. எங்க தப்புன்னு சொன்னா திருத்திக்கறேன்."

கேள்வி கேட்டு வந்தவனைப் பதில் சொல்லாமல் அனுப்ப என்னால் முடியாது. பென்சிலை எடுத்து இருபது நிமிடம் விளக்கினேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி எறிவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் வீசினால் கோணம் எப்படி மாறும், பந்து எப்படித் தாழும் என்று படம் போட்டுக் காட்டினேன். கோணங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலையில் அவன் தோள் போயிற்று. வலியை யாரிடமும் சொல்லாமல் பக்கவாட்டிலேயே எறிந்திருக்கிறான். ஆகஸ்டில் ஒரு பெரிய அணியிலிருந்து ஆள் தேடி வந்தவர் அவன் புள்ளிவிவரத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஹாட் டாக் வாங்கப் போனார். செப்டம்பரில் மரோனியே கையெழுத்துப் போட்டு அவனை அனுப்பினார். ஆண்டு முடிவில் பிழைகள் நூற்றுப் பதினெட்டு. மரோனி தப்பித்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மரோனி, தான் அனுப்பிய பையனுக்கு எங்கே உதவத் தவறினோம் என்று பார்க்க, குளிர்காலம் முழுக்க அவனுடைய ஆட்டங்களின் வீடியோக்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஹிட் என்று ஏறியிருந்த பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார், பிறகு மற்றப் பிட்சர்களின் ஆட்டங்களிலும். எண்ணி முடித்ததும் தானே திருமதி டில்லரிடம் போய், "நூத்திப் பதினெட்டு இல்லம்மா, நூத்தி நாப்பத்தொம்போது. நான் கிளம்பறேன்" என்றாராம். "இப்படி ஒருத்தனை நான் எங்கய்யா போய்த் தேடறது? உக்காரு" என்று அவர் மேலும் இரண்டு வருடம் கொடுத்துவிட்டார். ஆக, மரோனியை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற என் கணிப்பு சரி.

மரோனி கடைசியாக ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, அந்தப் பையனால கையைத் தலைக்கு மேல தூக்க முடியல. தெரியுமா?"

பக்கவாட்டில் எறிவதற்குத் தலைக்கு மேலே தூக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர் வைத்துவிட்டார். அதன்பிறகு அந்தத் தொலைபேசி அடிக்கவில்லை.

முப்பத்தொன்றையும் மாற்றியவன் நான்தான். வேண்டுமென்றே மாற்றினேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் இந்த வாக்குமூலத்தில் நான் செய்ததைப் 'பிழை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையை மட்டும் திருத்துங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு மனிதர் கூப்பிட்டு, நீங்கள் செய்தது சரி என்று சொல்கிறார். அவரை இழக்காமலிருக்க ஒருவன் செய்யக்கூடியதைச் சாதாரண முயற்சியில் தடுத்திருக்க முடியாது. விதிப்படி அது ஹிட். அந்தப் பையன் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.