முன் இடது சக்கரம்

காஞ்சனா: குனிஞ்சு பாருங்கண்ணே. நின்னுக்கிட்டே பார்த்தா எப்படித் தெரியும்?

அழகேசன்: நான் குனிஞ்சா தூக்கி விட ரெண்டு ஆள் வேணும்மா. இங்கேருந்தே நல்லாத் தெரியுது. ரிம்மு பளபளன்னு இருக்கு.

காஞ்சனா: காடிச் சக்கரத்துல, முன்னால இடது பக்கம். ஓரத்துல. விரலை வெச்சுப் பாருங்க.

அழகேசன்: …ம்.

காஞ்சனா: என்ன ‘ம்’?

அழகேசன்: அது அழுக்குமா. அந்தத் துணியைக் குடு, ஒரு துடை துடைச்சா…

காஞ்சனா: காலையிலேருந்து மூணு தடவை துடைச்சாச்சு. அழுக்குல நகம் உள்ள போகுமாண்ணே?

அழகேசன்: அப்போ ரோட்டுக் கல்லு பட்டிருக்கும். கூலிம் ரோடு எப்படி இருக்குன்னு தெரியாதா உனக்கு? லாரிக்காரனுங்க கல்லை இறைச்சுக்கிட்டே போறானுங்க லா.

காஞ்சனா: கல்லு பட்டா புள்ளியா விழும். இது கோடு. நல்லா இழுத்து விட்ட கோடு. நான் ஃபேக்டரியில பதினெட்டு வருஷமா என்ன வேலை பார்க்கிறேன், சொல்லுங்க.

அழகேசன்: கீறல் பார்க்கிற வேலை.

காஞ்சனா: அப்புறம் எனக்கே கதை சொல்றீங்களே.

அழகேசன்: என் மெசின்ல இப்படியெல்லாம் கீறாதும்மா. பாடாங் செராய் முழுக்கக் கேட்டுப் பாரு. அழகேசன் கடை மெசின்ல டயர் மாத்தி, ஒரு ரிம்மு கீறுச்சுன்னு ஒரு ஆளு…

காஞ்சனா: நேத்து நீங்க மெசினைத் தொடவே இல்லையே! மெசினுக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, முன்னால பொரி கடலையெல்லாம் பரப்பி… நேத்து ஆயுத பூசை. மறந்துட்டீங்களா?

அழகேசன்: மெதுவாப் பேசு. எதிர்க்கடை சீனன் எட்டிப் பார்க்கிறான்.

காஞ்சனா: பார்க்கட்டும். அவருக்குத் தமிழ் நல்லாவே தெரியும்.

அழகேசன்: அதான் பயமே! …இங்க பாருமா. பூசை போட்ட சாமானை மறுநாள் காலையில சூடம் காட்டித்தான் எடுக்கணும். நான் நேத்து என்ன சொன்னேன்? ‘இன்னிக்கு வேலை இல்லை, நாளைக்கு வா’ன்னு சொன்னேனா இல்லையா?

காஞ்சனா: சொன்னீங்க.

அழகேசன்: நீதான் விடலை. ‘அண்ணே, டயர்ல ஆணி ஏறிருச்சு, பத்து மணிக்கு கூலிம்ல இண்டர்வியூ, நான் எங்க போவேன்’னு நின்னு அழுதே.

காஞ்சனா: நான் ஒண்ணும் அழுவலை.

அழகேசன்: கண்ணு ரெண்டும் குளமாட்டம் இருந்துச்சு.

காஞ்சனா: அது உங்க சாம்பிராணிப் புகை!

அழகேசன்: சரி லா, புகைன்னே வெச்சுக்குவோம். உன்னைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. மெசினைத் தொட முடியாது. நெம்புற கம்பி எல்லாம் சாமிகிட்ட இருக்கு. ஸ்பேனர் பாக்ஸ்ல ஒரு நட்டு கூட பாக்கி இல்லாம எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சு. மொத்தக் கடையிலேயும் பூசைக்கு வைக்காம விட்ட சாமான் ஒண்ணே ஒண்ணுதான்.

காஞ்சனா: எது?

அழகேசன்: …விடு.

காஞ்சனா: எதுண்ணே?

அழகேசன்: பின்னால தேங்கா உரிக்க ஒரு கம்பி கிடக்கும்…

காஞ்சனா: தேங்கா உரிக்கிற கம்பியா! ஸ்போர்ட் ரிம்முல தேங்கா உரிக்கிற கம்பியைப் போட்டு நெம்புனீங்களா!

அழகேசன்: கத்தாதம்மா! வேற என்ன பண்ணச் சொல்றே? டயர் வந்துச்சுல்ல? உன் காடியில இருந்த ஜாக்கியும் பம்பும் வெச்சே ஆணியைப் பிடுங்கி, ஒட்டி, காத்து அடிச்சு உன்னை இண்டர்வியூவுக்கு நேரத்தோட அனுப்புனேன்ல?

காஞ்சனா: அனுப்புனீங்க. அதுக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா கீறல்?

அழகேசன்: …என் கைதான். என் கம்பிதான். கடைசியா ஒரு நெம்பு நெம்புறப்போ வழுக்கிருச்சு. க்ரீச்சுன்னு ஒரு சத்தம். நேத்து முழுக்க அந்தச் சத்தம் காதுலேயே நிக்குதும்மா, சோறு இறங்கலை. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன், அதுக்குள்ள நீ காடியை எடுத்துக்கிட்டுப் பறந்துட்டே.

காஞ்சனா: இதை முதல்லேயே சொல்லியிருக்கலாம்லண்ணே? அழுக்கு, கல்லு, லாரின்னு ஊரையே சுத்திட்டு வந்தீங்களே.

அழகேசன்: வெட்கமா இருந்துச்சு லா. இருபத்தஞ்சு வருஷக் கடை… தேங்கா கம்பி! வெளியே தெரிஞ்சா எவன் வருவான்?

காஞ்சனா: நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அவரு வர்றதுக்குள்ள ரிம்மு பழையபடி ஆகணும்.

அழகேசன்: சுகுமாரன் எப்போ வர்றான்?

காஞ்சனா: ஜொகூர்லேருந்து பஸ்ஸை ஓட்டிக்கிட்டு வந்துக்கிட்டு இருக்காரு. டிப்போவில விட்டுட்டு அஞ்சு மணிக்கு வீட்டுல இருப்பாரு. வந்ததும் என்ன செய்வாரு தெரியுமா? கால் சப்பாத்தைக் கழட்ட மாட்டாரு. பொண்டாட்டி உயிரோட இருக்காளான்னு பார்க்க மாட்டாரு. நேரா காடிக்குப் போய் நாலு ரிம்மையும் நவக்கிரகம் சுத்துற மாதிரி சுத்திட்டுத்தான் உள்ளேயே வருவாரு.

அழகேசன்: நீ காடியை எடுத்தது அவனுக்குத் தெரியாதா?

காஞ்சனா: தெரிஞ்சா விட்டுருவாரா? லைசன்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆச்சுண்ணே. இந்த ஆறு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் சாவியை என் கையில குடுத்திருக்காரு. அதுவும் மழை வருது, கண்ணாடி ஏத்தியிருக்கான்னு பார்த்துட்டு வரச் சொல்லி.

அழகேசன்: ஹா ஹா ஹா…

காஞ்சனா: சிரிங்க, நல்லாச் சிரிங்க. இன்னொரு சாவியை சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்தாரு. அதைத்தான் நேத்து எடுத்தேன். முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்.

அழகேசன்: ஆமா, அந்த இண்டர்வியூ என்னாச்சு?

காஞ்சனா: …கிடைச்சிருச்சுண்ணே. லைன் லீடர்.

அழகேசன்: அட! இதையா கடைசியில சொல்றே? வந்ததும் கீறலைக் காட்டிச் சண்டைக்கு நிக்கிறே! இனிப்பு எங்க? ஒரு லட்டு கூடவா வாங்கிட்டு வரலை?

காஞ்சனா: சாவி கிடைச்சாத்தான் லட்டு. திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு நான்தான் போய் லைனைத் தொடங்கணும். கம்பெனி பஸ்ஸு எங்க வீடு இருக்கிற தாமானுக்கு வர்றதே ஆறரைக்கு. காடி இல்லைன்னா இந்த வேலை அடுத்த ஆளுக்குப் போயிரும். பதினெட்டு வருஷமா நின்னுக்கிட்டே வேலை பார்த்திருக்கேண்ணே… எனக்கு இந்த வேலை வேணும். ரொம்ப ஆசையா இருக்கு.

அழகேசன்: அவன்கிட்டக் கேட்டா குடுக்க மாட்டானா?

காஞ்சனா: கேட்கத்தான் போறேன். ஆனா கேட்கிற அன்னிக்கு ரிம்முல கீறல் இருந்தா? ‘நான் இருபது வருஷமா பஸ்ஸு ஓட்டுறேன், காடி ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா? நீ ஒரே ஒரு நாள் தொட்டே, பாரு’ன்னு ஆரம்பிச்சா தீபாவளி வரைக்கும் ஓடும். அதோட என் கதை முடிஞ்சுது.

அழகேசன்: ஒரு கீறல் இல்லைன்னா சொல்றான்?

காஞ்சனா: தினமும். கம்பெனி குடுத்த சர்ட்டிபிகேட்டை ஹால்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காரு.

அழகேசன்: …ம்.

காஞ்சனா: திரும்பவும் என்ன ‘ம்’?

அழகேசன்: ஒண்ணுமில்லை. தொண்டையில நேத்து சாம்பிராணி. …சரி, தள்ளு. ஜாக்கி போடுறேன். கழட்டித் தேய்ச்சு, புட்டி வெச்சு, சில்வர் அடிச்சுத் தர்றேன். நாலரைக்கு நீ வீட்டுல இருப்பே.

காஞ்சனா: புட்டியா? அப்படின்னா என்னண்ணே?

அழகேசன்: மாவு மாதிரி இருக்கும். பள்ளத்துல அப்பி விட்டா காஞ்சு கல்லாயிரும். மேல பெயிண்டு அடிச்சா பெத்தவனுக்கே அடையாளம் தெரியாது.

காஞ்சனா: ஓ… அப்படியெல்லாம் கூட மறைக்கலாமா?

அழகேசன்: நீ போய் எதிர்க்கடையில ஒரு தே குடிச்சிட்டு வா. என் கணக்குல சொல்லு.

காஞ்சனா: பரவாயில்லைண்ணே. இங்கேயே உட்கார்றேன்.

அழகேசன்: தூசி வரும்.

காஞ்சனா: பழக்கம்தான்.

அழகேசன்: அப்போ அந்தப் பக்கம் திரும்பி உட்காரு. கண்ணுல விழுந்தா எனக்குத்தான் பாவம்.

காஞ்சனா: சரி, திரும்பிட்டேன். …அண்ணே.

அழகேசன்: என்ன?

காஞ்சனா: கீறல் ஒரு விரல் நீளம்தான் இருந்துச்சு. நீங்க உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க.

அழகேசன்: திரும்பி உட்காரச் சொன்னேன்லா! அகலமாத் தேய்ச்சாத்தான் பெயிண்டு பிடிக்கும்.

காஞ்சனா: சாம்பல் கலர்ல தூளாக் கொட்டுதே?

அழகேசன்: …அலுமினியம் அப்படித்தான் கொட்டும்.

காஞ்சனா: ஓ. அப்படியா.

அழகேசன்: போனை நோண்டிக்கிட்டு… யாருக்கு மெசேஜ்?

காஞ்சனா: தங்கச்சிக்கு. யான் ஊர்ல இருக்காள்ல, அவளுக்கு வேலை கிடைச்ச விசயத்தைச் சொல்றேன்.

அழகேசன்: நல்லது, சொல்லு. …இப்போ புட்டி வெச்சாச்சு. காயட்டும்… காஞ்சிருச்சு… மறுபடி ஒரு தேய்… இந்தா, இப்போ சில்வர். மூச்சை அடக்கிக்க.

காஞ்சனா: அப்பாடி! அண்ணே, உங்க கைக்கு மோதிரமே போடலாம். எங்க கீறுச்சுன்னு எனக்கே தெரியலை.

அழகேசன்: அரை மணி நேரம் காயணும். விரல் வெச்சே, கையை உடைச்சிருவேன். …இப்போ எவன் மோட்டார்ல வந்து நிக்கிறான்? கடை சாத்தியாச்சுன்னு சொல்லு.

காஞ்சனா: கூட்டாளி மோட்டார்ல பின்னால உட்கார்ந்து வந்திருக்காரு. அவருதாண்ணே.

அழகேசன்: அவருன்னா? …ஐயோ முருகா! சுகுமாரனா! அஞ்சு மணின்னியே, மணி நாலு கூட ஆகலையே!

சுகுமாரன்: காஞ்சனா! என்னாச்சு? ‘வீட்டுக்குப் போகாதீங்க, நேரா டயர் கடைக்கு வாங்க’ன்னு மெசேஜ் போட்டிருக்கே! நான் பயந்தே போயிட்டேன். காடி எப்படி இங்க வந்துச்சு?

அழகேசன்: மெசேஜா? தங்கச்சிக்குன்னு சொன்னியேம்மா…

காஞ்சனா: அண்ணே, பெயிண்டு காயுதான்னு பாருங்க.

சுகுமாரன்: பெயிண்டா? எந்தப் பெயிண்டு? எந்த ரிம்மு?

காஞ்சனா: முன்னால இடது.

சுகுமாரன்: முன்னால இடதா! வேற ரிம்மே கிடைக்கலையா?

காஞ்சனா: ஏன், வேற ரிம்முன்னா பரவாயில்லையா?

சுகுமாரன்: இல்லை… சும்மா கேட்டேன். அண்ணே… அதைக் கழட்டுனீங்களா?

அழகேசன்: கழட்டுனேன், தம்பி.

சுகுமாரன்: தேய்ச்சீங்களா?

அழகேசன்: தேய்ச்சேன்.

சுகுமாரன்: ஆழமாவா?

அழகேசன்: தேவைப்பட்ட அளவுக்கு.

சுகுமாரன்: இவ… பக்கத்துலேயேவா இருந்தா?

அழகேசன்: அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்துச்சு.

காஞ்சனா: என்னாங்க, நான் ஒளிக்காம சொல்லிடுறேன். நேத்து காடியை எடுத்தேன். கூலிம்ல இண்டர்வியூ. ஆணி ஏறிருச்சு, அண்ணன்கிட்ட வந்தேன், ரிம்மு கீறிருச்சு. எனக்கு லைன் லீடர் வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமையிலேருந்து எனக்குக் காடி வேணும்.

சுகுமாரன்: லைன் லீடரா? என்கிட்டச் சொல்லவே இல்லையே!

காஞ்சனா: கிடைக்காம போனா உங்க முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருக்கும்னு சொல்லலை.

சுகுமாரன்: ரொம்ப சந்தோசம்… நெசமா ரொம்ப சந்தோசம்டி. ஆனா காடி… காலையில அந்த ரோட்டுல எத்தனை லாரி ஓடுதுன்னு எனக்குத்தான் தெரியும். ஏதாவது ஒண்ணு ஆயிருச்சுன்னா?

காஞ்சனா: எனக்கா, ரிம்முக்கா?

சுகுமாரன்: உனக்குத்தான். …ரிம்முக்கும் கொஞ்சம்.

அழகேசன்: தம்பி, கீறுனது நான். அது கையில ஒரு தப்பும் இல்லை. நல்லாத்தான் ஓட்டுது. நேத்து இந்தச் சந்துல ரிவர்ஸ்ல வந்து நிறுத்துச்சு பாரு, நானே அசந்துட்டேன்.

சுகுமாரன்: நீங்க கீறுனீங்க, சரி. ஆனா இவ எடுக்காம இருந்திருந்தா ஆணி ஏறியிருக்குமா? நான் இருபது வருஷமா ஓட்டுறேண்ணே. பஸ்ஸு, காடி, எதுலேயும் ஒரு கீறல்…

அழகேசன்: தம்பி.

சுகுமாரன்: …ஒரு கீறல் உண்டான்னு நீங்களே…

அழகேசன்: தம்பி, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. நான் காலையிலேருந்து ஒரு பொய்யா சொல்லியிருக்கேன்? வாய் வலிக்குது. இன்னும் ஒண்ணு சொல்லச் சொன்னா உண்மை வந்துரும்.

சுகுமாரன்: அண்ணே… அண்ணே…

காஞ்சனா: என்ன ரெண்டு பேரும் கண்ணாலேயே பேசிக்கிறீங்க?

சுகுமாரன்: ஒண்ணுமில்லையே! அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நல்லா ஓட்டுறேன்னு அவரே சொல்றாரு. இந்தா… சாவி. திங்கட்கிழமையிலேருந்து நீயே எடுத்துக்க.

காஞ்சனா: இன்னிலேருந்து.

சுகுமாரன்: சரி லா, இன்னிலேருந்து.

அழகேசன்: அப்பாடா… எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. பேசப் பேச பெயிண்டும் காஞ்சிருச்சு, சக்கரத்தையும் மாட்டிட்டேன். போய்ட்டு வாங்க சாமி, ரெண்டு பேரும் நல்லா இருங்க.

காஞ்சனா: ஏறுங்க, நீங்க பக்கத்துல உட்காருங்க. அண்ணே, இனிமே நீங்க யாருக்காகவும் வாயைக் கட்டிக்க வேணாம். நேத்து உங்க கம்பி வழுக்குனப்போ ரிம்முலேருந்து ஒரு புட்டித் துண்டு என் காலடியிலதான் விழுந்துச்சு, போன தைப்பூசத்துக்கு மறுநாள் காத்து அடிச்சிட்டு வர்றேன்னு போனவரு இதே ரிம்மைத் தானே கீறிட்டு இங்க புட்டி அப்பி மறைச்சதாலதான் நாலு மணி நேரம் கழிச்சு வந்தாருன்னு எனக்கு அப்பவே விளங்கிருச்சு, உங்க ரெண்டு பேரையும் ஒரே இடத்துல நிக்க வெச்சா அவரு தன் கையாலேயே சாவியைக் குடுப்பாருன்னுதான் இன்னிக்கு வந்தேன்.