திருடன் சுவிட்ச்

தங்கராஜு: நீ அந்தப் பக்கம் திரும்பிக்க.

செல்லம்: எதுக்குண்ணே?

தங்கராஜு: திரும்பு லா. இது அப்பா எங்கிட்ட மட்டும் சொன்ன ரகசியம். திருடன் சுவிட்ச். இதத் தட்டாம சாவியத் திருகினா இஞ்சின் பத்திக்காது.

செல்லம்: சரி, திரும்பிக்கிட்டேன். எதுத்த மலையில தேயிலை நல்லாத்தான் கொழுந்து விட்டிருக்கு. நீ திருடு... ஓட்டு.

தங்கராஜு: எட்டு வருசத்துல வாய் மட்டும் ஒரு இஞ்சு குறையல.

செல்லம்: நீதான் இவ்வளவு நாளும் பேசவே இல்லையே. சேத்து வச்சிருந்தேன்.

தங்கராஜு: ம்... தட்டியாச்சு. திருகுறேன்.

செல்லம்: இஞ்சின் சுத்துது. பத்திக்கல.

தங்கராஜு: எனக்கும் காது இருக்கு.

செல்லம்: காடி உன்னையே திருடன்னு நெனச்சிருச்சோ என்னமோ.

தங்கராஜு: அப்பாவுக்கு அப்புறம் இத யாரு ஓட்டுவா? பெத்த மவன். அது காடிக்கே தெரியும். நக்கலடிக்காம வந்து பானெட்டத் தூக்கிப் புடி.

செல்லம்: புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறேன். தோட்டத்துத் தொரை சீமைக்குப் போறப்ப அப்பாவுக்கு விட்டுட்டுப் போன காரு... அப்பா தொடச்சு தொடச்சே பாதி பெயிண்டக் காணோம். லைட் எரியுதா?

தங்கராஜு: எரியுது.

செல்லம்: ஹார்ன்?

தங்கராஜு: அடிச்சா லயத்துல உள்ளவனெல்லாம் ஓடி வருவான், கருமாதிச் சோறு இன்னும் மிச்சம் இருக்கான்னு.

செல்லம்: அப்ப கோளாறு பேட்டரியில இல்ல. பிளக்குக்குக் கரண்டு வரல. உன் ரகசியந்தான் படுத்துக்கிச்சு.

தங்கராஜு: நீ எப்ப மெக்கானிக் ஆன?

செல்லம்: காய்கறி லோரிக்காரனக் கட்டிக்கிட்டா தானா வந்துரும்.

தங்கராஜு: எழுபத்தாறுல நீ அந்த லோரியில ஏறிப் போனதுக்குத்தான் அப்பா உன்னத் தலமுழுகினாரு. சாகுற வரைக்கும் உன் பேர எடுக்கல. எங்க வீட்டுல பூனையக்கூட யாரும் செல்லம்னு கூப்பிடல, பாத்துக்க.

செல்லம்: காலையில இருந்து அதத்தான சொல்லிக்கிட்டிருக்க.

தங்கராஜு: சொல்லத்தான் செய்வேன். திடீர்னு அப்பாவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து நிக்கிறியே, எதாச்சும் கேப்பியோன்னு...

செல்லம்: கேட்டனா?

தங்கராஜு: இல்ல.

செல்லம்: பிரிஞ்சாங் வரைக்கும் கொண்டாந்து விடுன்னேன். கடைசியா ஒரு தடவ இதுல ஒக்காந்துக்கிறேன்னேன். அவ்வளவுதான். நீதான் வித்துட்டியே, நாளைக்கு இது சலாஹுதீன் பாய் கடைக்கு ரொட்டி மாவு சுமக்கும்.

தங்கராஜு: நாளைக்கு என்ன, இன்னிக்கே. பாய் கடை வாசல்ல காத்துக்கிட்டிருப்பாரு. ஸ்டார்ட் ஆவாத காடிய வாங்கி பலகாரத்தோட கண்ணாடிப் பெட்டியிலயா வைப்பாரு?

செல்லம்: உள்ள என்னண்ணே வாடை?

தங்கராஜு: கோஸு. ஞாயித்துக்கெழம தவறாம கியா பார்முக்குப் போயி வாங்கியாருவாரு. நம்ம கொல்லையில கோஸு முட்டி மோதிக்கிட்டுக் கெடக்கும், இவரு மலையேறிப் போயி கோஸு வாங்குவாரு. தின்னு தின்னு எனக்குக் காது ரெண்டும் முயலு மாதிரி நீண்டுருச்சு.

செல்லம்: பெரியவங்க எதாச்சும் காரணமாத்தான்...

தங்கராஜு: என்ன பெரிய காரணம்? வயசாயிருச்சு. சரி, திரும்பு. இன்னொரு தடவ தட்டிப் பாக்குறேன்.

செல்லம்: தீக்குச்சி இருக்கா பாரு.

தங்கராஜு: ஏன், சுருட்டுக் கேக்குதா?

செல்லம்: ஆஷ்டிரேய வெளிய இழுத்துட்டு, பின்னால கைய விட்டியா... அங்க சுவிட்ச் மேல நிக்காம கீழ விழுந்துரும். பனி ஏறி ஏறி ஸ்பிரிங் போயிருச்சு. அத மேல தள்ளி, இடுக்குல ஒரு தீக்குச்சியச் சொருகணும். பழைய குச்சி உன் காலடியில விழுந்து கெடக்கும்.

தங்கராஜு: இரு, குனிஞ்சு பாக்குறேன்.

செல்லம்: கெடக்குதா?

தங்கராஜு: கெடக்குது.

செல்லம்: சொருகு. இப்பத் திருகு.

தங்கராஜு: ...பத்திக்கிச்சு.

செல்லம்: பத்திக்கும்.

தங்கராஜு: செல்லம்... அப்பா இத எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு.

செல்லம்: சுவிட்ச்ச உங்கிட்ட சொன்னாரு. தீக்குச்சிய எங்கிட்ட சொன்னாரு.

தங்கராஜு: எப்ப?

செல்லம்: நீ தின்ன கோஸு எதுவும் கியா பார்ம் கோஸு இல்லண்ணே. அதையும் தாண்டி, கோலா தெர்லாவுல எங்க பாத்தியில வெட்டினது. அந்த ரோட்டுலதான் எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தாரு. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற. மவகிட்டத் தோத்துட்டேன்னு மவன் சிரிப்பானாம்.

தங்கராஜு: உன் பேரையே எடுக்காத மனுசன்...

செல்லம்: பேர எடுக்கல. காடிய எடுத்தாரு.

தங்கராஜு: ...பேரையும் எடுத்தாரு.

செல்லம்: என்ன?

தங்கராஜு: ஆஸ்பத்திரியில. கடைசியா. "காடி செல்லத்துக்கு"ன்னாரு. நான்தான் காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். நான் எறங்கிக்கிறேன், நீ இந்தப் பக்கம் வா... காடிக்குத் தெரிஞ்சிருக்கு பாரு, யாரு திருடன்னு.