ஷார்ஜாவில் தேடியவர்கள் யார்?

சாரல் விழும் மாலையிலும் சபை நிறைத்து வீற்றிருக்கும் தென்காசி வணிகப் பெருமக்களே! விழாவுக்குத் தலைமை ஏற்று, என் நேரத்தையும் சேர்த்துத் தாமே பேசி முடித்திருக்கும் சங்கரபாண்டி அண்ணாச்சி அவர்களே! கல்லாவில் அமர்ந்து கடை காக்கும் தாய்மார்களே! கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கைதட்டும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் ஆய்க்குடி வேல்விழியின் அன்பு வணக்கம்.

என் தொழில் என்ன? ஊர்ப் பேச்சைக் கேட்பது! சமூக வலைத்தளங்களில் மக்கள் எதைத் தேடுகிறார்கள், எந்தப் பொருளைப் புகழ்கிறார்கள், எதைத் திட்டித் தீர்க்கிறார்கள் என்று திரட்டிக் கடைக்காரருக்குச் சொல்வது. என்ன அண்ணாச்சி? "எங்க போன் நம்பரையும் எடுத்துருவியாம்மா?" என்கிறீர்களா? எடுக்க மாட்டேன்! ஊரறியப் பேசியதைக் கேட்பேன். உள்வீட்டுப் பேச்சைத் தொடமாட்டேன்.

குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடையநல்லூர் ஹம்தானை அறிவீர்களா? அதோ, நாற்காலியில் குனிந்து ஒளிகிறார்! அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். போன சீசனில் என் அலுவலகத்துக்குள் துள்ளிக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஷார்ஜால நம்ம கடையத் தேடு தேடுன்னு தேடுதாங்க! அச்சன்புதூர் தோப்பக் குடுத்துட்டு அங்கன ஒரு கடை போடப் போறேன்."

அந்தத் தோப்பு எப்படி வந்தது? அவர் தந்தை வளைகுடா வெயிலில் வெந்து வாங்கியது! பார்க்காமல் விற்க விடுவேனா? தேடல் தரவுகளைத் திரட்டினேன், திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஷார்ஜாக்காரர்கள் விலை கேட்டார்களா? இல்லை! எங்கே கிடைக்கும் என்று கேட்டார்களா? இல்லை! கடையின் பெயரை மட்டும் அன்றாடம் தட்டியிருந்தார்கள். வாங்க நினைப்பவர் வெறும் பெயரோடு நிற்பாரா? சந்தேகம் வந்து, ஷார்ஜாவில் இருக்கும் ஹம்தானின் அக்கா ஷஹானாவை அழைத்தேன்.

"நாங்கதாம்மா! தேடுனா தம்பி கடைப் பேரு நெட்டுல மேல வரும்னு குடும்பமே தேடுதோம். எங்க வீட்டுக்காரக டூட்டிக்குப் போகையிலகூட போன்ல ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் போறாக!"

சிரியுங்கள், நானும் சிரித்தேன்! அன்றைக்குக் கண்ணும் கலங்கினேன். அங்கே பொங்கியது பாசம், ஐயா, பாசம்!

சரி, சந்தை எங்கே பேசியது? ஒரு காணொளியில் பேசியது. எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்த ஒருவர், ஈரக் கையால் ஹம்தானின் பாக்கெட்டைப் பிரிக்கிறார். வழுக்குகிறது. பல்லால் கடிக்கிறார். பாக்கெட் வெடிக்கிறது, சிப்ஸ் சிதறுகிறது, அத்தனையும் குரங்குக்கு! கீழே கருத்துகள் குவிகின்றன: "டேஸ்ட் அருமை, பிரிக்கத்தான் முடியல." "எனக்கும் இதே கதிதான்."

ஹம்தான் கொதித்துப்போனார். "இதத் தூக்கச் சொல்லுங்கக்கா, மானம் போவுது!"

"தூக்காதீங்க தம்பி. வழி சொல்லுதவங்க வாயப் பொத்தலாமா?"

வைத்தார் ஐயா, பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு! ஈரக் கை இழுத்தாலும் பிரிந்தது. விற்பனை விறுவிறுவென ஏறியது. தோப்பு தப்பியது. குரங்குகள்தான் கோபமாக இருக்கின்றன.

பெருமக்களே! புகழ்வதற்கு உறவு போதும். குறை சொல்வதற்கு வாடிக்கையாளர் வேண்டும்! குறை சொல்கிறவர் யார்? மறுபடியும் வாங்க ஆசைப்படுகிறவர்! அவரைத் தேடுங்கள், அவர் பேச்சைத் திரட்டுங்கள், அவருக்காகத் திருத்துங்கள்!

முடிக்குமுன் ஒரு செய்தி. நேற்று ஒருவர் அந்தக் காணொளியின் கீழே எழுதியிருக்கிறார்: "ஷார்ஜாவில் இது எங்கே கிடைக்கும்?" உடனே ஷஹானாவை அழைத்தேன்.

"சத்தியமா நாங்க இல்லம்மா! எல்லா வீட்டுலயும் கேட்டுட்டேன், இவரு யாருன்னே தெரியல!"

ஹம்தான் தம்பி, எழுந்து நில்லுங்கள்! யாரென்றே தெரியாத ஒருவர் உங்களைக் கேட்டுவிட்டார்! தோப்பு அங்கேயே இருக்கட்டும். அவருக்கு ஒரு பாக்கெட் அனுப்புங்கள். இவ்வளவு நேரம் செவி கொடுத்த சபைக்கு நன்றி. வாசலில் ஹம்தானின் சிப்ஸ் இருக்கிறது. தின்றுவிட்டுக் குறை சொல்லுங்கள். வணக்கம்!