காலரில் தைத்த பெயருக்கு யார் பொறுப்பு?

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் வழக்கைத் தம் வழக்காய்ச் சுமந்த வழக்கறிஞர் அம்மையாரே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் துணிவுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் தையற்காரியின் வணக்கம்!

நாம் வழியனுப்ப வந்திருப்பது என் ஓரகத்தியை. ஆலையில் இவருக்குப் பெயர் ‘வாயாடி’. சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார்! ஓரகத்திகள் ஒற்றுமையாய் இருப்பார்களா என்கிறீர்களா? அடுப்படியில் இருந்ததில்லை ஐயா, ஆபத்தில் இருந்தோம்!

நாங்கள் தைக்கும் சட்டைகள் கடல் கடந்த கம்பெனி ஒன்றுக்குப் போகின்றன. துணி களவு போகிறதென்று மேலாளர் பின்கதவைப் பூட்டிவைத்தார். ஒரு பிற்பகல் மின்கம்பி கருகிப் புகை சூழ்ந்தது. முன்வாசல் தெரியவில்லை, பின்வாசல் திறக்கவில்லை. நிறைமாதமாய் இருந்த நான் மயங்கிச் சாய்ந்தேன். சன்னல் கண்ணாடியை இஸ்திரிப்பெட்டியால் உடைத்து, கையெல்லாம் ரத்தம் வழிய என்னை வெளியேற்றியவர் இவர். அதோ, பின்வரிசையில் என் நாலு வயதுக் குழந்தை அழுகிறதே, அழட்டும்! அது பிறந்து அழுவதே இவரால்தான்!

மறுநாளே மேலாளரிடம் போனார்.

“சார், அந்தக் கதவைத் திறந்து வைங்க.”

“உனக்கு வேலை வேணுமா, கதவு வேணுமா?”

“ரெண்டும் வேணும் சார். உசிரு இருந்தாத்தானே வேலை செய்ய முடியும்?”

வேலை போயிற்று. நீதிமன்றம் ஏறினோம். ஆலைக்காரர் ஆலையை வேறு பெயருக்கு மாற்றிவிட்டுக் கையை விரித்தார். சட்டை வாங்கும் கம்பெனியைக் கேட்கவோ நம் சட்டத்தில் இடமில்லை. சரக்கு கடல் தாண்டலாம், லாபம் கடல் தாண்டலாம், நீதி மட்டும் கரையில் நின்று கைகட்ட வேண்டுமா?

நிற்கவில்லை, தாய்மார்களே! நம் கதையைக் கேள்விப்பட்டு, அந்தச் சட்டைகளை அங்கே விற்கும் கடைப்பெண்களின் சங்கம் தங்கள் நாட்டிலேயே வழக்குத் தொடுத்தது. இவர் திரைவழியே சாட்சி சொன்னார். கம்பெனி வக்கீல் மொழிபெயர்ப்பாளர் மூலம் மடக்கினார்.

“எங்க ஆளுங்க யாரையாவது நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க. அவங்களும் என்னைப் பாத்ததில்ல. ஆனா அவங்க பேரைத் தினமும் காலர்ல நான்தானே தைக்கிறேன்!”

கம்பெனியும் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. அதை எடுத்துக்காட்டி நம் அம்மையார் இங்கே வாதாட, நம் உயர் நீதிமன்றமும் அதே வழி நடந்தது. இவருக்கு வேலையும் திரும்பியது.

எல்லாம் இனிப்பாய் முடிந்ததா? இல்லை. கோபித்த கம்பெனி பாதி ஆர்டரை இன்னொரு நாட்டுக்கு மாற்றியது. “உன்னாலதான்” என்று சொல்லி நம்மில் சிலரே இவரோடு பேச்சை நிறுத்தினோம். இப்போது அந்த நாட்டுத் தையல் பெண்களும் அதே கம்பெனிமேல் வழக்குத் தொடுத்து இவரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். எனக்கே பொறுக்கவில்லை.

“நம்ம வேலையப் பறிச்சவங்களுக்கா அக்கா சாட்சி சொல்லப் போறீங்க?”

“அவங்க எங்கடி பறிச்சாங்க? கம்பெனிக்காரங்கதான் அவங்க தலையில கட்டினாங்க. நமக்காக முகம் தெரியாத பொம்பளைங்க வந்து நிக்கலியா?”

உலகம் சந்தையாகச் சுருங்கியதென்று சொன்னார்கள். அதை உறவாக விரித்தவர் என் அக்கா! நாளை விமானம் ஏறுகிறார். பேசாதிருந்தவர்களே, மேடைக்கு வாருங்கள். இவர் கையைப் பிடித்து அனுப்புங்கள். செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. போய் வாருங்கள் அக்கா, வாய் நிறையப் பேசி வாருங்கள்! வணக்கம்!