கோட்டுக்கு வெளியே நின்ற மாப்பிள்ளை

லென்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நீங்களும் செய்தீர்கள். கையில் எடுத்ததும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். சின்னக் கீறல் எதுவும் படத்தில் தெரியாது, ஐயா. லென்ஸின் குணத்தை அறிய வேண்டுமானால் அது எடுத்த படத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் எந்த லென்ஸும் ஒழுங்காகத்தான் எடுக்கும்.

உட்காருங்கள். மாதிரிக்கு ஒரு படம் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன். ஏன் விற்கிறாய் என்று கேட்டீர்கள். துறைமுக ஆபீஸில் வேலை பார்ப்பவர், கேள்வி கேட்டே பழக்கப்பட்டிருப்பீர்கள். எதையும் மறைத்து விற்பது இந்த நாகமுத்துவின் வழக்கமில்லை. மலாக்காவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை என்று அவசரகாலச் சட்டம் வந்த புதிதில் ஆளுக்கொரு அடையாளக் கார்டு வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் முகங்களைப் பிடித்தேன். முக்காலி மேல் பெட்டிக் கேமரா, தலைக்கு மேல் கறுப்புத் துணி. பால்மரம் வெட்டிவிட்டு வந்த களைப்பில் எல்லோரும் ஒரே மாதிரி முறைப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. எடுத்தவன் நானே ஒத்துக்கொள்கிறேன்.

சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் மட்டும் ஒரு முகம் முறைக்கவில்லை. கமலவேணி. ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். இடுப்பில் யாருடைய பிள்ளையோ ஒன்றை வைத்துக்கொண்டே வந்து நின்றாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அந்தத் தோட்டத்தில் ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருந்தது. அவள் தாய் ராமாத்தாள் புருஷனை இழந்தவள், நல்ல மாதிரி. காப்பி கொடுப்பாள். ஒருநாள் பேச வேண்டிய பேச்சைப் பேசிவிடலாம் என்று நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கமலவேணிதான் காப்பியைக் கொண்டுவந்தாள். “குடிங்கண்ணே” என்றாள்.

அண்ணே என்று கூப்பிட்ட பிறகு என்ன பேசுவது? காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மரியாதையான வார்த்தைதானே.

பிறகு மாயாண்டி வந்தான். வேறு எங்கிருந்தோ வந்து அந்தத் தோட்டத்தில் பேர் பதிந்த ஆள். வாயைத் திறந்தால் தோட்டமே சிரிக்கும். பல்லுக் கொஞ்சம் தூக்கல், ஆனால் அதையே சொல்லிச் சிரிக்க வைப்பான். எல்லோரையும் பிடித்திருக்கிறேன், இவன் மட்டும் கேமராவைக் கண்டால் நகர்ந்துவிடுவான். கூப்பிட்டால், “வேணாண்ணே, நா பல்லக் காட்டுனா ஒங்க கண்ணாடி ஒடஞ்சிரும் லா” என்பான். அவனும் அண்ணேதான். தோட்டத்தில் எனக்கு உறவுக்குப் பஞ்சமே இல்லை.

லென்ஸுக்கு வருகிறேன். அப்போதுதான் கையடக்கமான ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று வாங்கியிருந்தேன். கேமராவின் சின்ன ஜன்னலில் இரண்டாகத் தெரிகிற உருவம் ஒன்றாகச் சேரும்வரை திருக வேண்டும், பிறகு தட்ட வேண்டும், அவ்வளவுதான். சத்தமே இருக்காது. ஆனால் கல்யாணப் பந்தலுக்குள் வெளிச்சம் போதாது. முன்பெல்லாம் தூள் போட்டுப் பளிச்சென்று வெடிக்க வைப்பேன். ஒரு கல்யாணத்தில் அந்தச் சத்தத்துக்குக் காவலில் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு பந்தலுக்குள் பாய்ந்துவிட்டார்கள். பொண்ணு மாப்பிள்ளை இருவரும் பாய்க்கு அடியில். தாலி கட்டுமுன்பே ஒரே பாய்க்குள் போய்விட்டார்கள் என்று வெகுகாலம் கேலி பேசினார்கள். அதனால் மங்கலில் எடுக்கக்கூடிய வேகமான லென்ஸ் ஒன்று எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

இப்ராஹிம் பாய் கடையில் இரண்டு இருந்தன. இரண்டும் அகலக் கண்ணாடிதான், சாதாரண லென்ஸைவிட இரண்டு பக்கமும் கூடுதலாகப் பிடிக்கும். ஒன்று ஜெர்மன். ஓரம்வரை தெளிவு, ஆனால் கண் சின்னது, வெளிச்சம் குடிக்காது. மற்றது ஜப்பான். கண் பெரியது, மங்கலிலும் எடுக்கும். அதில் ஒரு குறை, கண்ணை முழுக்கத் திறந்தால் ஓரம் இருட்டிக் கலங்கிவிடும். இடுக்கி வைத்தால் தெளிந்துவிடும், அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மாதக் கணக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் சலித்துப்போய்க் கேட்டார்.

“என்னா நாகமுத்து, பொண்ணு பாக்குற மாரி பாக்குற. ஸ்டூடியோ உள்ளுக்கு ஒக்காந்து படம் புடிக்கிறவனுக்கு எதுக்கு இவ்வளவு அகலம்?”

“கல்யாணத்துக்குப் பாய்” என்றேன்.

“ஒனக்கா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இந்தக் கேலியெல்லாம் உறைக்காது.

ஜப்பான் லென்ஸை எடுத்துக்கொண்டேன். அதற்கு முந்தின நாள்தான் கமலவேணி தாயோடு ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, வரிசையாகச் சொல்ல வேண்டுமே என்று சொல்கிறேன். அவளுக்கும் மாயாண்டிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“படம் நீங்கதாண்ணே புடிக்கணும். ஆனா அவுரு அதுல விழக்கூடாது” என்றாள்.

மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணப் படமா என்று கேட்டேன். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமாத்தாள் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

“அண்ணன்கிட்ட எதுக்கு மறைக்கிறது. மூவார் பக்கம் தோட்டத்துல தொழிலாளர் சங்கத்துல பேசுனவருண்ணே. சங்கத்த மூடுனப்ப அவரு பேரும் போலீஸ் கையில போச்சு. இப்ப கையில இருக்கிறது அவரோட அண்ணன்காரரு கார்டு. செத்துப்போனவரு. ஆளு யாருக்கும் ஒரு கெடுதலும் செஞ்சதில்ல. மொகம் மட்டும் வெளிய தெரியக்கூடாது.”

“கவலைப்படாதம்மா” என்றேன். நல்ல மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மாப்பிள்ளைக்கு முருகன் வேண்டுதல், தைப்பூசம் முடியும்வரை படம் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று தோட்டத்தில் ஒரு பேச்சைக் கட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் முருகன் பேரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தோட்டத்து ஜனங்கள் இந்த மாதிரிக் காரியங்களில் ரொம்பக் கெட்டிக்காரர்கள்.

கெட்டிக்காரர்களுக்கும் ஒரு பழக்கம் இருந்தது, அதை ஏற்படுத்தியவன் நான். தோட்டத்துப் படம் எது எடுத்தாலும் முதலில் இரண்டு பக்கமும் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு இழுப்பேன். கோட்டுக்கு உள்ளே நின்றால் படத்தில் விழுவீர்கள், வெளியே நின்றால் விழமாட்டீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகள், தாலி இழந்தவர்கள், படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயப்படுகிறவர்கள் எல்லோரும் கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பல வருஷப் பழக்கம். கேமராவில் என்ன கண்ணாடி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கோட்டைத்தான் கேட்பார்கள்.

கல்யாணத்தன்றும் கோடு இழுத்தேன். எப்போதும் இழுக்கிற இடத்தில்தான். அகலக் கண்ணாடிக்கு அந்தக் கோடு செல்லாது என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். கால் தன் பாட்டுக்குப் பழைய இடத்துக்குப் போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொள்வது.

கமலவேணி நடுவில். ராமாத்தாள் மட்டும், தாலி இழந்தவள் என்று இடது கோட்டுக்கு வெளியே போகப் பார்த்தாள். மகள் விடாமல் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மாயாண்டி வலது கோட்டுக்கு வெளியே. மாலையும் கழுத்துமாக, எவ்வளவு பக்கத்தில் நிற்கலாமோ அவ்வளவு பக்கத்தில் நின்றான். நிற்பதற்கு முன் என்னைப் பார்த்து, “இங்க நின்னா விழமாட்டேன்ல, ண்ணே?” என்று கேட்டான். தலையை ஆட்டினேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

கேமராவின் சொந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதில் அவன் இல்லை. சத்தியமாக இல்லை. அந்த ஜன்னல் சாதாரண லென்ஸுக்கு உரியது, அகலக் கண்ணாடிக்கென்று தனி ஜன்னல் ஒன்றை மேலே செருகிக்கொள்ள வேண்டும். அது என் சட்டைப்பையில் இருந்தது. ஆக, என் கண்ணில் அவன் விழவில்லை, லென்ஸில்தான் விழுந்தான். அப்படியே விழுந்தாலும் ஓரம் கலங்கும் என்று சொன்னேன் அல்லவா. முகம் யாருக்குத் தெரியப்போகிறது?

நீங்கள் விவரம் தெரிந்தவர், அடுத்த கேள்வி வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு வியர்த்தது. காற்று வரட்டும் என்று வலது பக்கத்து அத்தாப்பு ஓலைத் தட்டியைக் கழற்றச் சொன்னேன். வெயில் உள்ளே வந்தது. வெளிச்சம் கூடினால் கண்ணை இடுக்காமல் எடுக்க முடியாது. லென்ஸ் வளையத்தில் கண் அளவை எட்டாம் எண்ணில் வைத்தேன், நன்றாக இடுக்கின அளவு. எட்டில் இந்த லென்ஸ் எப்படி எடுக்கும் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறீர்கள்.

இருட்டறையில் படம் தண்ணீருக்குள் எழும்பி வந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தொழிலில் அத்தனை வருஷத்தில் அது போல ஒன்று எடுத்ததில்லை. நல்ல படத்தை ஒளித்து வைப்பது பாவம். பெரிதாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன், கமலவேணியின் பழைய படம் இருந்த இடத்தில். பக்கத்துக் காப்பிக்கடைக்கு உளவுப் போலீஸ்காரர் ஒருவர் தினமும் வருவார். குடித்துவிட்டுக் கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் நின்று வாயைத் துடைத்துக்கொண்டே என் பெட்டியைப் பார்ப்பது அவர் வழக்கம். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. படத்தை அவர் உயரத்துக்கு வைத்தேன், அவ்வளவுதான். எவரையும் காட்டிக்கொடுத்தவன் என்று என்னைச் சொல்ல முடியாது.

காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் கூடியிருந்தபோது போலீஸ் லோரிகள் வந்து நின்றனவாம். மாயாண்டி ஓடினான். ஆயாக்கொட்டகை இருந்த திசையை விட்டு, அதற்கு நேர் எதிராக ரப்பர் நிரைக்குள் ஓடினான் என்கிறார்கள். அங்கேயே சுட்டுவிட்டார்கள். அடுத்த வருஷமே மலாக்கா பக்கம் கெடுபிடி தளர்ந்துவிட்டது. கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் அவன் என் ஸ்டூடியோ பெஞ்சியிலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆட்களுக்குப் பொறுமை இல்லை.

படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். காரியமெல்லாம் முடிந்து கமலவேணி வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெஞ்சியில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அவுரு படத்துல விழுந்துட்டாராமே, ண்ணே.”

“ஆமாம்மா.”

“கோட்டத் தாண்டி வந்துட்டாரா?”

அவளே சொன்னாள்.

“நாந்தாண்ணே. மால போட்டு நிக்கிறாரேன்னு அவரப் பாத்துக்கிட்டே இருந்தேன். பக்கத்துல வான்னு கண்ணாலயே கூப்புட்டேன். அதான் ஒரு எட்டு உள்ள வந்துட்டாரு. நான் அப்படிப் பாக்காம இருந்திருந்தா அவுரு உசுரோட இருந்திருப்பாரு.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அழுகிறவளிடம் லென்ஸ், ஜன்னல், எட்டு என்று பாடம் நடத்துவதா? “கொஞ்சம் தாண்டித்தான் நின்னாரும்மா” என்றேன். புருஷன் தன்மேல் கொண்ட ஆசையால் தாண்டி வந்தான் என்பதில் அவளுக்கு ஒரு நிறைவுகூட இருந்திருக்கும். அவன் முகம் இருக்கிற படம் வேறு எதுவும் இல்லை என்று ஒரு பிரதி கேட்டாள். மறுவாரம் வரச் சொல்லிக் கொடுத்தேன். அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஏன் விற்கிறேன் என்றுதானே கேட்டீர்கள். இதைவிடப் பெரிய கண் உள்ளது இப்ராஹிம் பாய் கடைக்கு வந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.

இந்தாருங்கள், மாதிரிப் படம். முழுப் படம் இது ஒன்றுதான். வலது ஓரத்தைப் பாருங்கள், பல் தெரிகிறதா? அப்படியே கீழே வாருங்கள், மூலைக்கு. செம்மண்ணில் என் குதிகால் இழுத்த கோடு. அதற்கு வெளியே அவன் இரண்டு பாதங்கள். ஒரு விரல்கூடக் கோட்டைத் தொடவில்லை. பெருவிரல் நகத்தில் ஒட்டிய மஞ்சள்கூடத் தெரியும், அவ்வளவு தெளிவு. கமலவேணிக்குக் கொடுத்த பிரதியில் இந்தப் பகுதி கிடையாது. முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். கல்யாணப் படத்தில் வெறும் மண்ணும் காலும் இருந்தால் நன்றாக இருக்காது பாருங்கள், அழகுக்காகத்தான் வெட்டினேன்.