பெரியவர் சாகாத அன்று நடந்தவை

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்கவும். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். லேப்டாப்பையும் போனையும் நீங்கள் எடுத்துப்போய்விட்டதால் கையால் எழுதுகிறேன். கல்லூரித் தேர்வுக்குப் பிறகு இவ்வளவு நீளமாகக் கையால் எழுதியதில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் மன்னிக்கவும். வேறு எதற்கும் மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கில்லை.

என் பெயர், வயது, முகவரி மூன்றையும் இன்று மதியம் உங்கள் நிலையத்தில் மூன்று பேர் தனித்தனியாக எழுதிக்கொண்டார்கள். தொழில் என்ற இடத்தில் மூவருமே என்னைக் கேட்காமல் 'வீட்டு வேலை' என்று போட்டுக்கொண்டார்கள். நான் அரசியல் அறிவியலில் முதுகலை படித்தவள். ஏழு ஆண்டுகளாக 'ஓரக்கண்' என்ற அரசியல் வலைப்பதிவை நடத்தி வருகிறேன். வீட்டு வேலையும் செய்கிறேன். கணவர் ஒரு மருந்துக் கிடங்கில் கணக்காளர். எங்களுக்கு ஒன்றேகால் வயதில் ஒரு பெண் குழந்தை.

"அப்படி நாள் முழுக்க என்னதாம்மா எழுதுவீங்க?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்களுக்குத் தேநீர் வந்துவிட்டது. ஆகவே அதை இங்கே பதிவு செய்கிறேன். காலையில் குழந்தைக்கு ஊட்டும்போது சட்டமன்றக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் வைத்துப் பார்ப்பேன். சத்தத்தோடு கேட்டாலும் கிடைக்கிற விஷயம் அதேதான். அவள் முதல் தூக்கம் போடும்போது அரசாணைகளைப் படிப்பேன். அவற்றில் கையெழுத்துப் போட்டவர்கள் படித்திருக்க மாட்டார்கள் என்பதால், யாராவது ஒருவர் படிக்க வேண்டுமே என்று படிக்கிறேன். அடிக்கல் நாட்டும் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இடது மூலை உடைந்த ஒரே கல்லை மூன்று அமைச்சர்கள் மூன்று ஊர்களில் நாட்டியதை நான்தான் முதலில் எழுதினேன். துணி காயப்போடும்போது தலைப்பு யோசிப்பேன். மாலையில் வாசகர் கருத்துகளைப் பார்த்து, அசிங்கமானவற்றை நீக்குவேன். வசவில் பாதி என்னை ஆண் என்று நினைத்து வருவது, மீதி பெண் என்று தெரிந்தே வருவது. இதை எல்லாம் என் மாமியார் சொந்தக்காரர்களிடம் "மருமக கம்ப்யூட்டர்ல என்னமோ நோண்டிக்கிட்டிருக்கா" என்று சொல்வார். உங்கள் நிலையத்தாரைவிட அவர் விவரமாகவே சொல்கிறார்.

இனி வழக்கு சம்பந்தப்பட்டது. ஒரு தலைவர் இறந்த பிறகு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் காரியம் நடக்காது என்பதால், வயதானவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இரங்கல் கட்டுரையை முன்கூட்டியே எழுதி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். பெரிய பத்திரிகைகளும் அப்படித்தான் வைத்திருக்கின்றன. இதை நான் சொன்னபோது நீங்கள், "உசுரோட இருக்கிற மனுசனுக்கு இப்படி எழுதி வச்சா அது கொலை முயற்சியில வராதா?" என்று கேட்டீர்கள். வராது. உங்கள் அருகில் நின்ற பெண் காவலர் சிரித்துவிட்டு, நீங்கள் திரும்பிப் பார்த்ததும் இருமினார்.

போன வருடம் பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தட்டி நான்கு பேருக்கு இரங்கல் எழுதினேன். முதலாவது, ஆளுங்கட்சித் தலைவருக்கு. அவரைக் கட்சியில் பெரியவர் என்பார்கள். இரண்டாவது, அக்கட்சியின் செயலாளருக்கு. அவரைச் சின்னவர் என்பார்கள். மற்ற இருவர் இந்த வழக்கில் வரவில்லை. தேதி இல்லாத வரைவுகள் என் வலைப்பதிவில் அன்றாடப் பதிவுகளுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும். அவசரத்துக்குக் கிடைக்காது. அதனால் அவை மேலேயே நிற்கட்டும் என்று, ஒரு வருடம் தள்ளி, என் வழக்கமான வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, வாரம் ஒன்றாகத் தேதி போட்டு வைத்தேன். அந்த நாள் வந்தால் பதிவு தானாக வெளியாகிவிடும். நாள் நெருங்கும்போது இன்னொரு வருடம் தள்ளிவிட வேண்டும். இரண்டு வாரம் முன்பு குழந்தைக்குக் காய்ச்சலும் பல் முளைப்பும் ஒன்றாக வந்தன. பெரியவரைத் தள்ளி வைக்க மறந்துவிட்டேன். சதி என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான்.

போன வியாழக்கிழமை காலை குழந்தைக்குத் தடுப்பூசி போட மருத்துவரிடம் போனேன். போன் பையின் அடியில் மாற்றுத்துணிக்குக் கீழே சத்தமில்லாமல் கிடந்தது. ஊசி போட்டு, அவள் அழுது ஓய்ந்து, அதன் பிறகு வாய் துடைக்கத் துணி எடுத்தபோதுதான் திரை விடாமல் மின்னுவதைப் பார்த்தேன். மருத்துவமனை வாசலில் நின்றபடியே பதிவை நீக்கி, தவறு என்னுடையது, தலைவர் நலமாக இருக்கிறார் என்று அறிவிப்புப் போட்டேன்.

நான் நீக்குவதற்குள் நடந்தவை பின்வருமாறு. சின்னவர் ஆழ்ந்த இரங்கல் அறிக்கை வெளியிட்டார். பெரியவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வெளியிடலாம் என்று அவருக்கோ, அவரைச் சுற்றி நின்றவர்களுக்கோ தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நேரம் வீணாகியிருக்கும். அதன் பிறகு கட்சி அலுவலகத்தில் கொடி இறக்கப்பட்டது. அதன் பிறகு சுவரொட்டி வந்தது. அதில் சின்னவரின் முகம் ஆள் உயரத்துக்குக் கண்ணீரோடு இருந்தது, இறந்தவர் மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். கண்ணீரோடு எடுத்த அந்தப் படம் அன்று காலையில் எடுத்ததாக இருக்க முடியாது. ஆக, முன்கூட்டியே தயாராக இருந்தவள் நான் ஒருத்தி மட்டுமல்ல. அதன் பிறகு சின்னவர் தொலைக்காட்சிக்காரர்களிடம், பெரியவர் கடைசி நேரத்தில் தன் கையைப் பிடித்துக்கொண்டு "இனிமே எல்லாம் நீதாம்ப்பா" என்று சொன்னதாகச் சொல்லிக் குலுங்கினார்.

அந்த நேரத்தில் பெரியவர் தன் வீட்டுக் கூடத்தில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, சவரக்காரருக்கு முன்னால் உட்கார்ந்து அதே தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அவரே சொன்னார். நான் வீட்டுக்கு வரும் வழியில், குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, போன் வந்தது.

"யாரும்மா, ஓரக்கண்ணா?"

"ஆமாங்க. நீங்க?"

"நான்தாம்மா, செத்துப்போனவன்."

நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். "ஐயா, மன்னிச்சிடுங்க. தேதிய மாத்த மறந்துட்டேன். உடனே எடுத்துட்டேன்" என்றேன்.

"அது கெடக்கட்டும். மூணு பாலம் கட்டினாருன்னு போட்டிருக்கே. நாலு."

"ஒண்ணு இடிஞ்சு விழுந்துடுச்சுங்களே ஐயா."

"விழுந்துட்டா கட்டலைன்னு ஆயிடுமா?" என்றார். அதன் பிறகு, "அந்தப் பய என் கையப் புடிச்சானாம். அவன் மூஞ்சியப் பாத்தே மூணு மாசம் ஆச்சு. நீ எழுதுனதுலயாவது சாவு ஒண்ணுதான் பொய்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பெரியவர் மீது எனக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. அந்த நான்காவது பாலம் யாருடைய சிமென்ட்டில் கட்டியது என்று நான்தான் எழுதினேன். ஆனால் அவர் என் மீது புகார் கொடுக்கவில்லை. புகார் கொடுத்தவர் சின்னவர். காரணம், செயலாளர் பதவியில் அவரே நீடிப்பதா அல்லது பெரியவரின் மகளுக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்ய வரும் வெள்ளிக்கிழமை கட்சிக் கூட்டம் இருக்கிறது. சுவரொட்டிக்கு ஒரு விளக்கம் அதற்குள் அவருக்குத் தேவைப்படுகிறது. அந்த விளக்கத்தைக் கொடுக்கும் வேலை எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மறுநாள் உங்கள் ஆட்கள் இருவர் வீட்டுக்கு வந்து லேப்டாப்பையும் போனையும் எடுத்துப் போனார்கள். சார்ஜரை விட்டுவிட்டுப் போய், திரும்ப வந்து அதையும் எடுத்தார்கள். அதன் பிறகு இன்று என்னை வரச் சொன்னீர்கள். கணவருக்கு விடுப்புக் கிடைக்காததால் குழந்தையோடு வந்தேன். வெகுநேரம் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். அவள் முத்திரை மையில் கையை விட்டு என் துப்பட்டா முழுக்க அப்பினாள். இந்த வழக்கில் இதுவரை உங்கள் நிலையத்தில் பதிவான ஒரே கைரேகை அவளுடையது.

அதன் பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த இரண்டு பக்க வாக்குமூலத்தை நீட்டினீர்கள். அதில் நான் பேசியிருந்தேன். பெரியவரின் மகள் காரில் என் வீட்டுக்கு வந்து, மாடியேறி, அந்தக் கட்டுரையைக் கையில் கொடுத்து வெளியிடச் சொன்னதாகவும், நான் என் மகனின் எதிர்காலத்தை நினைத்து இணங்கியதாகவும் நான் அழுதுகொண்டே சொல்லியிருந்தேன். எங்கள் வீடு தரைத்தளம். எனக்கு இருப்பது மகள். அவள் அப்போது உங்கள் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு உங்கள் எதிரேதான் நின்றாள். பொய் எழுதுவதென்றாலும் கொஞ்சமாவது விசாரித்து எழுத வேண்டும். நான் ஒரு அமைச்சரைப் பற்றி ஒரு வரி எழுத நான்கு இடத்தில் சரிபார்க்கிறேன். நீங்கள் தலையைக் கொஞ்சம் குனிந்து பார்த்திருந்தால் போதும், அதையும் செய்யவில்லை.

பெரியவரின் மகளை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நிற்பதைத் தவிர வேறு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கட்டுரையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. அதை எழுதியது நான். ஒவ்வொரு வரியும் என்னுடையது, பாலங்களின் எண்ணிக்கை உட்பட.

நான் கையெழுத்துப் போட மறுத்தபோது நீங்கள், "போட்டா சாட்சி, போடலைன்னா குற்றவாளி. அவ்வளவுதான் வித்தியாசம். புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வரப்போறீங்கன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க" என்றீர்கள். மகள் என்று அப்போதும் சொல்லவில்லை. நாளைக் காலை வரை அவகாசம் கொடுத்தீர்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "நமக்கெதுக்கு இந்த வம்பு? போட்டுத் தொலைச்சிட்டு வந்திருக்கலாமில்ல?" என்றார். அதன் பிறகு நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு அறைக்குள் போனபோது, கதவருகே ஒரு பை இருந்தது. அவளுடைய உடுப்புகள், காய்ச்சல் மருந்து, அவள் கடித்துப் பிய்த்த துணி முயல் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. அவருடைய அம்மாவின் வீட்டு முகவரியை ஒரு சீட்டில் எழுதிப் பையின் மேல் செருகியிருந்தார். நீங்கள் என்னை யோசித்து வைக்கச் சொன்னதை அவர் யோசித்து வைத்துவிட்டார். பால் புட்டியின் மூடி உங்கள் பெஞ்சுக்கு அடியில் விழுந்திருக்க வேண்டும். அதைப் பெண் காவலரிடம் எடுத்து வைக்கச் சொல்லவும்.

நீங்கள் அச்சடித்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்குப் பதிலாக இதைக் கொடுக்கிறேன்.

கடைசியாக ஒரு தகவல். மதியம் உங்களிடம் சொல்ல வந்தேன், "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்கம்மா" என்றீர்கள். எழுதிக் கொடுக்கிறேன். நான்கு இரங்கல்களில் இரண்டாவது சின்னவருடையது என்று மேலே சொன்னேன். அதற்கும் தேதி போட்டிருக்கிறது. வரும் வியாழக்கிழமை, காலை பத்து மணி. கட்சிக் கூட்டத்துக்கு முந்தின நாள். அதை இங்கிருந்து என்னால் தள்ளி வைக்க முடியாது. வேறு கணினியில் நுழைந்தால் என் போனுக்கு ஒரு எண் வரும், அதைத் தட்டினால்தான் உள்ளே விடும். போன் உங்கள் அலமாரியில், உறைக்குள், முத்திரை வைத்து இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள்.

அந்த இரங்கல் மொத்தம் நான்கு வரி. பிறந்த ஊர், கட்சியில் சேர்ந்த ஆண்டு, வகித்த பதவிகள் என்று மூன்று வரி. நான்காவது வரியில் அவர் மக்களுக்குச் செய்தது வர வேண்டும். ஒரு வருடமாகத் தேடுகிறேன். கிடைக்காததால் அந்த இடத்தில் 'பிறகு நிரப்பவும்' என்று போட்டு வைத்தேன். அப்படியேதான் வெளியாகும். அதைப் பார்த்ததும் அவருடைய கட்சியில் யார் யார் கொடியை இறக்குவார்கள், யார் யாரிடம் கண்ணீர்ப் படம் தயாராக இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். இது மிரட்டல் அல்ல. போன வாரம் நான் செய்த தவறை இந்த வாரம் உங்கள் அலமாரி செய்யப் போகிறது, அதை முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

இதில் உள்ளது எல்லாம் நான் செய்தது, பார்த்தது, என் காதால் கேட்டது. படித்துப் பார்த்துச் சரியென்று கண்டு கையெழுத்திடுகிறேன். இப்படிச் சொல் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

(கையொப்பம்)
'ஓரக்கண்' வலைப்பதிவர்

காலையில் கணவர் வேலைக்குப் போகும் வழியில் இதை உங்கள் நிலையத்தில் கொடுப்பார். என்னிடம் போன் இல்லாததால் அவருடைய எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். லேப்டாப்பையும் போனையும் எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.