ஒன்பதரை மணி மத்தியானம்

வேலையிடத்தில் என்னை எல்லோரும் ரஸ்க் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தெட்டு. பேக்கரிக்குப் பின்சந்தில் மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறேன். வேலை, மாவு பிசைவது. திங்கட்கிழமை நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டி, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

அதே பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர் என் அக்காவின் கணவர். மாமா என்று கூப்பிடுவேன். பேக்கரி மாடியில் ஒரு தையல்காரர் கடை வைத்திருக்கிறார். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய், ஒரு மணிக்குத் திரும்பியபோது பூட்டு உடைந்து கிடந்தது, தையல் மெஷினைக் காணவில்லை. அதன் பிறகு போலீசார் என்னை விசாரித்தார்கள். "மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் மாமா மாடியிலேருந்து ஒரு மூட்டைய எறக்குனாரு" என்று உள்ளதைச் சொன்னேன். அது மேலே மாடியில் படியோரம் நாங்கள் அடுக்கி வைக்கும் மைதா மூட்டை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகு மாமாவை அழைத்துப் போய்விட்டார்கள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா?" என்று கேட்ட அக்கா, அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டம்மா எங்கள் பேக்கரியைப் பார்வையிட வந்தார்கள். நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மரியாதைக்கு, "மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்திருக்கீங்க, ஒரு வாய் சாப்பிடுங்கம்மா" என்றேன். அவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி ஒன்பதரை.

"இது மத்தியானமாங்க?"

"எங்களுக்கு இதுதாம்மா மத்தியானம். மூணு மணிக்கே அடுப்பு மூட்டிடுறோம். பதினோரு மணிக்கு வேலை முடிஞ்சா சாயங்காலம்."

ஏட்டம்மா என் வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு, "உங்க மாமா, சாயங்காலம் பல்லு புடுங்கப் போனேன்னு சொன்னாரே, அது எந்தச் சாயங்காலம்?" என்று கேட்டார்கள். "பதினோரு மணிக்கு மேலதாம்மா" என்றேன். அங்கிருந்தே பல் டாக்டருக்குப் போன் போட்டார்கள். பதினொன்று ஐம்பதிலிருந்து ஒன்றேகால் வரை மாமா டாக்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததாக அங்கே பதிவாகியிருந்தது. மெஷினை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு மாமாவை விட்டுவிட்டார்கள். வீங்கிய கன்னத்தோடு அவர் வந்து நின்றதும் அக்கா அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் வா, சாப்பிடலாம்" என்றாள். எனக்கு அது போதும்.

எனவே, என் முந்தைய வாக்குமூலத்தில் மத்தியானம் என்று வரும் இடத்தைக் காலை ஒன்பதரை மணி என்று திருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசியில், ஏட்டம்மாவுக்கு நான் நன்றி சொன்னதாகவும் எழுதச் சொன்னேன். "வாக்குமூலத்துல அதெல்லாம் எழுதுற வழக்கமில்லைங்க" என்றார்கள். "உண்மைய மட்டும் சொல்லணும்னீங்க. இதுவும் உண்மைதானேம்மா" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

இதிலுள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நன்றி என்ற சொல் உட்பட அனைத்தும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)